பாட்டுத் தொகுப்பார் பெறும் இன்பம்

அரபு மொழியில் ‘இக்தியார்’ என்றொரு சொல் உண்டு. அகாயித் நூல்களைக் கற்போர் அதனை மனிதனுக்கு அளிக்கப்பெற்ற விருப்ப உரிமை என்னும் பொருளில் அறிவர். ஃபிக்ஹு பயில்வோர், ஒரு மஸ்அலாவில் நிலவும் பல கருத்துகளுள் ஒன்றை ஓர் இமாம் தெரிந்துகொள்வதற்கு அச்சொல் வழங்கக் காண்பர். இலக்கியம் கற்போர்க்கோ, பிறர் பாடியவற்றுள் நல்லனவற்றைப் பொறுக்கி ஒருங்கு சேர்க்கும் தொகைப் பணியை அது குறிக்கும். மூன்றுக்கும் வேர் ஒன்றே. நன்மை எனப் பொருள்படும் ‘கைர்’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழ் வேறு வழியில் சென்று அதே இடத்தை அடைகிறது. தெரிதல் என்றால் அறிதல். தெரிதல் என்றால் தேர்ந்தெடுத்தலும் ஆகும். அரபு மொழி தேர்வை நன்மையோடு பிணைத்தது. தமிழ் அதனை அறிவோடு பிணைத்தது.

இளைஞர்கள் தம் கைப்பேசியில் ‘பிளேலிஸ்ட்’ என்ற பெயரால் செய்துவைத்திருக்கும் பாட்டுப் பட்டியல்களைப் பற்றி எழுத வந்தவர்க்கு இச்சொல்லாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. மூத்தோர் பலர் இப்பழக்கத்தை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குகின்றனர். தானும் பாடாது, கருவி ஒன்றையும் இசைக்காது, பிறர் பாட்டை முன்னும் பின்னுமாக அடுக்கி மகிழ்வதில் என்ன ஆக்கம் இருக்கிறது என்பது அவர்கள் வினா. நாம் இதற்கு மாறான கருத்துடையோம். பட்டியல் செய்வதும் ஒருவகை நூல் செய்தலே. அதில் பிறக்கும் இன்பம் நூல் செய்வார் இன்பத்தோடு உறவுடையது. அரபு இலக்கியத்தின் தலையாய நூல்களுள் ஒன்று பாட்டுப் பட்டியலை முதலாகக் கொண்டே எழுந்தது என்பதை இவ்விதழ் வாசகர்க்கு நினைவூட்டினால் நம் கருத்து விளங்கும்.

இசை கேட்பது பற்றி உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. கண்டித்து எழுதிய இப்னு அபித்துன்யாவின் நூலும், நிபந்தனைகளை வகுத்து ஆராய்ந்த இமாம் கஸ்ஸாலி அவர்களின் இஹ்யாவும் உள்ளன. வேண்டுவோர் அவற்றை நாடுக. நம் பேச்சு தெரிதலைப் பற்றியது.

நாம் குறிப்பிட்ட நூல் அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானீயின் ‘கிதாபுல் அகானீ’. ஆசிரியர் ஹிஜ்ரி 284இல் (கி.பி. 897) பிறந்தவர், பக்தாதில் வாழ்ந்தவர், உமையா குலத்தவராக இருந்தும் அப்பாஸியர் அவையின் பாட்டையும் பாடகரையும் பற்றி இவரளவு எழுதியவர் எவருமிலர். எகிப்திய தாருல் குதுப் பதிப்பில் இந்நூல் 24 பாகங்களாக விரிகிறது. இத்துணைப் பெரிய நூலுக்கு வித்து ஒரு கலீஃபா இட்ட கட்டளை.

ஹாரூன் அர்-ரஷீத் (ஆட்சி கி.பி. 786 – 809) தம் அவைப் பாடகர் மூவரை அழைத்து, அதுவரை பாடப்பெற்ற பாட்டுகள் அனைத்திலிருந்தும் நூறு பாட்டைத் தெரிந்து தருமாறு பணித்தார். அம்மூவர் இப்ராஹீம் அல்-மவ்ஸிலீ, இஸ்மாயீல் இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் இப்னுல் அவ்ராஃ என்போர். முதலிருவரும் அவையில் ஒருவரோடொருவர் போட்டியிட்டு வந்தவர்கள். இப்னு ஜாமிஃ குர்ஆனை நன்கு மனனம் செய்திருந்தவர், தொழுகையில் பேணுதல் மிக்கவர் என்று அகானீயே கூறுகிறது. பாடகர் என்றவுடன் ஒரே வார்ப்பில் மனிதரை எண்ணிக்கொள்வோர்க்காக இதனைக் குறித்துவைக்கிறோம். நூறு தெரிந்து முடிந்தது. அதிலிருந்து பத்து தெரிக என்றார் கலீஃபா, தெரிந்தனர். பத்திலிருந்து மூன்று தெரிக என்றார், அதுவும் செய்தனர்.

அம்மூன்று எவை என்பதில் இரண்டு விதமான அறிவிப்புகள் உள்ளன. ஓர் அறிவிப்பின்படி, மஅபத், இப்னு சுரைஜ், இப்னு முஹ்ரிஸ் ஆகிய பழைய ஹிஜாஸ் பாடகர் மூவர் இசையமைத்தவை அவை. மற்றொரு அறிவிப்பில் தெரிந்தவர்களுள் ஒருவரான இப்ராஹீமின் மெட்டே மூன்றனுள் ஒன்றாக இடம் பெற்றிருக்கிறது! பழைய பேராசான்களின் பாட்டு ஒதுக்கப்பட்டு இது எப்படி நுழைந்திருக்கும் என்று ஐயுற்று, அபுல் ஃபரஜ் முதல் அறிவிப்பையே ஏற்கிறார். தன் பாட்டைத் தானே பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் ஆசை அன்றும் இருந்திருக்கலாம் போலும்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்தோறும் நமக்கு ஒன்று தோன்றும். நூறு என்னும் எண்ணில் இன்பம் இருக்கிறது, அது ஒரு தோட்டம், அதில் உலவலாம். பத்தில் இன்பம் சுருங்கிவிடுகிறது. மூன்றில் எஞ்சுவது தீர்ப்பு மட்டுமே. ‘எது சிறந்தது?’ என்பது அரசர் கேட்கும் கேள்வி. குதிரை, வாள், குதிரைவீரன் ஆகியவற்றைத் தரம் பிரித்துப் பழகிய அவை, பாட்டையும் அவ்வாறே தரம் பிரித்தது. போட்டியாளர் கூடி எடுத்த முடிவில் ஒருவர் உள்ளம் உள்ளபடி வெளிப்படவும் இயலாது. விட்டுக்கொடுத்தலும் பெற்றுக்கொள்ளலும் கலந்தே இருக்கும். பட்டியல் செய்வார் உண்மையில் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. ‘இப்பாட்டுக்கு அடுத்து எப்பாட்டு?’ என்பதே அது. சிறந்த பாட்டுகள் பன்னிரண்டை வாரி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பட்டியல் பாழாகும் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். எளிய பாட்டொன்று ஏற்ற இடத்தில் அமர்ந்தால் அதன் இருபுறமும் உள்ள பாட்டுகள் ஒளி பெறும்.

கதைக்கு மீள்வோம். பின்னர் ஆட்சிக்கு வந்த கலீஃபா அல்-வாஸிக் (கி.பி. 842 – 847) தாமே மெட்டமைக்க வல்லவர். அவர் அந்நூற்றையும் இப்ராஹீமின் மகன் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலீயிடம் கொடுத்து, தகுதி குறைந்தவற்றை நீக்கி மேலானவற்றைச் சேர்க்கச் சொன்னார். தந்தை கூடிச் செய்த பட்டியலை மகன் திருத்தினான். இது போதாதென்று, இஸ்ஹாக் மறைந்தபின் அவர் பெயரால் ஒரு பாட்டுத்தொகை கடைவீதியில் உலவியது. அதனைத் தம் தந்தை செய்யவேயில்லை, ஏடெழுதி விற்போர் ஒருவர் ஆங்காங்கே கிடைத்தவற்றைச் சேர்த்துக் கட்டியது அது என்று இஸ்ஹாகின் மகன் ஹம்மாத் மறுத்திருக்கிறார். விற்பனைக்காகச் செய்து புகழ்பெற்றவர் பெயரை மேலே ஒட்டும் தொகுப்பு இன்றைய இசைக் குழுமங்களின் கண்டுபிடிப்பு அன்று என்பதை இதனால் அறியலாம். அந்தப் போலித் தொகையின் பயனின்மையைக் கண்ட பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டதாலேயே தாம் எழுதத் தொடங்கியதாக அபுல் ஃபரஜ் முன்னுரையில் கூறுகிறார்.

அம்முன்னுரை பட்டியல் செய்வார் ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது. பாடல்களைப் புலவர் காலவரிசையில் அமைத்திருக்கலாமே, இசை வகையால் பிரித்திருக்கலாமே என்று கேட்பார்க்கு அவர் அங்கே விடை கூறுகிறார். கலீஃபாவுக்குத் தெரிந்தளித்த மூன்றனுள் முதலாவது அபூ கதீஃபா என்பாரின் கவிதை. அவர் முதல்வரிசைப் புலவரும் அல்லர், காலத்தால் முந்தியவரும் அல்லர். ஆகவே தொடக்கத்திலேயே காலவரிசை உடைந்துவிட்டது. மேலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்து செல்வதை விரும்புவது மனித இயல்பு. ஒரே தன்மையனவற்றைத் தொடர்ந்து அடுக்கினால் உள்ளம் சலிக்கும். கலந்து வைத்தலே கேட்பார்க்கும் படிப்பார்க்கும் உவப்பாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விலக்கணத்துக்கு மேலாக வேறொன்றை இன்றைய பாட்டுப் பட்டியல்காரர் எவரும் கண்டுவிடவில்லை. கலந்து வைத்தல் வேறு; கண்டபடி கலைத்துப் போடுதல் வேறு. சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல் வரிசையைக் கலைத்துத் தரும் பொத்தானை இன்றைய கருவிகள் ‘ஷஃபிள்’ என்கின்றன. அபுல் ஃபரஜ் செய்தது அதுவன்று.

நூல் மூன்று பகுதியாக நடக்கிறது. முதலில் கலீஃபாவின் நூறு. அடுத்து கலீஃபாக்களும் அவர்தம் வழிவந்தோரும் இசையமைத்த பாட்டுகள். மூன்றாவது, அபுல் ஃபரஜ் தாமே விரும்பித் தெரிந்தவை. முதலிரண்டும் அவைக்குக் கடன்பட்டவை. மூன்றாம் பகுதி அவருடைய சொந்தத் தோட்டம். நூலில் அதுவே மிக நீண்டது. நம் அளவில் அதுவே இனியதும்கூட. யாரும் கட்டளையிடாதபோது கை எங்கே செல்கிறது என்பதை அங்கே காணலாம். பெரும்புலவர்க்கு அருகே பெயரறியாப் பாலைவனத்தான் ஒருவன் வருவான். போர்க்களப் பாட்டை அடுத்து மணமுறிவின் துயரம் வரும். ஒரு குறையும் சொல்லவேண்டும். ஒரு பாட்டை எதனால் தெரிந்தார் என்பதை அபுல் ஃபரஜ் நேரே சொல்வது அரிது. பெரும்பாலும் அதனைப் பாடியவர், பாடிய வேளை, கேட்டவர்க்கு நேர்ந்தது ஆகியவற்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். காரணத்தைக் கதைக்குள் ஒளித்துவைக்கும் இப்பழக்கம் திறனாய்வாளர் என்ற முறையில் நம்மைச் சில வேளை சினமூட்டும்.

யாகூத் அல்-ஹமவீ இந்நூலை ஊன்றிப் படித்தவர். தாம் பின்னர்ச் சொல்வதாக வாக்களித்த சிலவற்றை அபுல் ஃபரஜ் சொல்லாமலே விட்டிருப்பதை அவர் சுட்டுகிறார். நூறு எனப்பட்ட பாட்டுகளை எண்ணிப் பார்த்து, 99 மட்டுமே இருப்பதாகவும் குறிக்கிறார். ஏட்டில் ஏதோ உதிர்ந்திருக்கலாம், அல்லது ஆசிரியர் மறந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். நமக்கோ அந்த வெற்றிடம் ஓர் அணியாகவே படுகிறது. தாமே பட்டியல் செய்து பார்த்தவர்க்கு அந்த நூறாவது இடத்தை நன்கு தெரியும். ஒரு பாட்டை வைப்பதும் எடுப்பதுமாகப் பல நாள் கழியும் இடம் அது.

அபுல் ஃபரஜ் இந்நூலை அலெப்போவின் ஆட்சியாளர் ஸைஃபுத் தவ்லாவுக்கு அளித்து ஆயிரம் தீனார் பெற்றார் என்றும், அப்பரிசு குறைவு என்று ஸாஹிப் இப்னு அப்பாத் கருதினார் என்றும் கூறுவர். பயணத்தில் முப்பது ஒட்டகச் சுமை நூல்களை உடன் கொண்டு செல்லும் வழக்கமுடைய அந்த ஸாஹிப், அகானீ கிடைத்தபின் அது ஒன்றே போதுமென்றிருந்தாராம். சட்டைப்பையில் பல்லாயிரம் பாட்டைச் சுமந்து திரியும் நம் பிள்ளைகள் இதனை வியப்பின்றிக் கேட்பார்கள்.

ஆனால் அவர்கள் வியக்கவேண்டியது ஒன்று உண்டு. அகானீயில் ஒவ்வொரு பாட்டின் கீழும் இசைக்குறிப்பு உள்ளது. ஊது என்னும் யாழ்க்கருவியில் நரம்பைத் தொடாது மீட்டுவதா, சுட்டுவிரல் வைப்பதா, நடுவிரல் வழியா, மோதிரவிரல் வழியா என்பதைச் சொல்லும். தாளம் முதற் கனமா, இரண்டாம் கனமா, ரமலா, ஹஸஜா என்பதையும் சொல்லும். மெட்டை முன்பே அறிந்தவர்க்கு அது போதுமான நினைவூட்டல். அறியாதவர்க்கு அதனால் ஒரு மெட்டையும் மீட்டெடுக்க இயலாது. மஅபதின் குரல் போயிற்று. இப்னு சுரைஜின் மெட்டு போயிற்று. ஊதின் நரம்பு அறுந்தது. பட்டியல் மட்டும் நிற்கிறது. பாட்டு மறைந்த பின்னும் படிக்கத்தக்க ஒரு பாட்டுப் பட்டியல்! யார், எவரை எண்ணி, எந்த வேளையில் பாடினர் என்னும் செய்தியை அது சுமந்து வருவதாலேயே இது கைகூடியது.

தமிழிலும் இத்தகையதொன்று உண்டு. பரிபாடலின் ஏடுகளில் பாட்டுகளின் முடிவில் பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் குறிக்கப்பட்டிருந்தன. உ. வே. சாமிநாதையர் 1918இல் அச்சிட்ட பதிப்பால் அவை உலகறிந்தன. எழுபது பாட்டுகளுள் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றின் வரிசையைப் பாருங்கள்: இரண்டு முதல் பன்னிரண்டு வரை பாலையாழ், பதின்மூன்று முதல் பதினேழு வரை நோதிறம், பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை காந்தாரம். திருமாலைப் பாடியவை ஒருபுறம், செவ்வேளைப் பாடியவை ஒருபுறம், வையையைப் பாடியவை ஒருபுறம் என்று பிரித்திருக்கலாம். தொகுத்தவர் அவ்வாறு செய்யவில்லை. வழிபாட்டுக்குப் பின் புதுப்புனல், புனலுக்குப் பின் மலை என்று பொருளைக் கலந்து, பண்ணையே வரம்பாகக் கொண்டார். ஆக, அவர் கண்ணால் தொகுத்தவர் அல்லர், செவியால் தொகுத்தவர். அவர் பெயர் நமக்குத் தெரியாது. பெட்டனாகனார், கண்ணனாகனார் என இசை வகுத்தோர் பெயர்கள் எஞ்ச, வரிசை வகுத்தவர் பெயர் மறைந்துவிட்டது.

தேவாரமோ இன்னும் தெளிவான சான்று. அதே பதிகங்கள் பண்ணின்படி அடுக்கப்பட்டால் பண்முறை. ஊரின்படி அடுக்கப்பட்டால் தலமுறை. ஓர் எழுத்தும் மாறவில்லை. எனினும் பண்முறை ஏட்டைப் பயில்பவர் இசையின் வழியே நடக்கிறார். தலமுறை ஏட்டைக் கையில் கொண்டவர் ஊர் ஊராக யாத்திரை போகிறார். அடுக்கு மாறினால் நூல் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த மொழியிலும் தேடினும் கிட்டுமோ என்னவோ!

அடுக்கின் ஆற்றல் பற்றி இப்னு கல்லிகான் ஒரு கதை சொல்கிறார். தத்துவ மேதை ஃபாராபீ, அதே ஸைஃபுத் தவ்லாவின் அவையில், தம் பையிலிருந்து கட்டைகளை எடுத்துப் பூட்டி இசைத்தாராம், அவையோர் சிரித்தனர். பிரித்து வேறுவிதமாகப் பூட்டினார், அழுதனர். மீண்டும் மாற்றினார், வாயிற்காவலன் உட்பட அனைவரும் உறங்கினர். அவர் எழுந்து போய்விட்டார். கதை மெய்யோ பொய்யோ, அதன் வரிசை கருதத்தக்கது. சிரிப்பு, அழுகை, உறக்கம். அழுகையை முதலில் வைத்திருந்தால் சிரிப்பு வந்திராது. சிரிப்பிலிருந்து நேரே உறக்கத்துக்குப் போகவும் வழியில்லை. மூன்றே உருப்படி கொண்ட பட்டியலாயினும் அதன் அமைப்பில் குற்றம் காண இயலாது.

அபூ தம்மாம் ‘ஹமாஸா’வைத் தொகுத்த கதை மாணவர் அனைவரும் அறிந்தது. ஹமதானில் பனி வழியை அடைத்துவிட, தங்கியிருந்த வீட்டு நூலகத்தில் அமர்ந்து பழம்பாட்டுகளைத் தெரிந்து அடுக்கினார். தம் சொந்தக் கவிதையில் தோன்றுவதைவிட இத்தொகையிலேயே அவர் பெருங்கவிஞராகத் தோன்றுகிறார் என்று அரபுத் திறனாய்வாளர் சொல்லிப்போயினர். இயற்றுவதினும் தெரிவது கடினம் என்பது ‘அல்-இக்துல் ஃபரீத்’ செய்த இப்னு அப்தி ரப்பிஹியின் கருத்து. தொகுப்பானை அரபு உலகம் ஏவலாளாகக் கருதவில்லை என்பதற்கு இவ்விருவரும் போதும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவைச் சிறு கூட்டுக்குள் அடக்கி வெளியிட்டது. நாம் ‘கேசட்’ என்று வழங்கிய அப்பொருள், பட்டியல் செய்யும் இன்பத்தை அவையிலிருந்தும் வானொலி நிலையத்திலிருந்தும் எடுத்து வந்து எளியவர் கையில் கொடுத்தது. அதற்குமுன் நாம் கேட்ட வரிசை பிறர் வகுத்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு எழுந்த தலைமுறைக்கு, காலையில் எப்பாட்டை முதலில் வைப்பது என்ற நுட்பத்தை அறிவிப்பாளர்களே கற்பித்தார்கள். கேசட் வந்தபின் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் எழுந்தன. விருப்பமானவற்றைத் தாளில் எழுதி, வெற்று நாடா ஒன்றையும் கொடுத்து வந்தால் சில நாளில் கிடைக்கும். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு அடங்கும். சிறியனவாக இருந்தால் ஏழு. பாட்டுகளின் நீளத்தைக் கூட்டிப் பாராது எழுதிக் கொடுத்தவருக்குக் கடைசிப் பாட்டு பல்லவியோடு அறுந்து நிற்கும். இந்த எல்லையே கலையை வளர்த்தது. வெண்பாவுக்குத் தளை இருப்பதுபோல் பட்டியலுக்கு முப்பது நிமிடம் இருந்தது. முதற்பக்கம் எப்பாட்டில் முடிவது, நாடாவைத் திருப்பிப் போடும் அச்சிறு மௌனத்துக்குப் பின் எதில் தொடங்குவது என்று எண்ணி எண்ணி எழுதினார்கள்.

நாம் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த 1980களில், எமக்கு மூத்த மாணவர் ஒருவர் இதில் வல்லவராயிருந்தார். கடற்கரை ஊர்க்காரர்; நாங்கள் அவரைக் காக்கா என்றே அழைப்போம். அவரிடம் பாட்டுப் பெட்டி கிடையாது. கல்லூரியில் வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை. ஆயினும் பாடக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் பட்டியல் எழுதுவார்; அடிப்பார்; மீண்டும் எழுதுவார். நாகூர் ஹனீபா அவர்களின் இரண்டு பாட்டுக்கு நடுவே என்ன வைத்தால் இரண்டும் வெவ்வேறாக ஒலிக்கும் என்பது அவர் நெடுநாள் ஆராய்ச்சி. கேட்கும் வசதியே இல்லாதவர் அடுக்கி மகிழ்ந்தார் என்றால், அந்த மகிழ்ச்சி காதிலிருந்து மட்டும் வருவது அன்று என்பது தெளிவு.

அவருடைய தமையனார் துபாயில் இருந்தார். கடிதம் எழுதத் தெரியாத வீட்டார் அக்காலத்தில் பேசியே நாடாவை நிரப்பி, ஊரிலிருந்து போவோர் வசம் கொடுத்தனுப்புவர். ஒரு விடுமுறையில் காக்காவின் வீட்டில் அவ்வாறு பதிந்தனர். வாப்பா பேசினார், மச்சிமார் பேசினர், கடைசியாக உம்மா பேசினார். நாடாவில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மிச்சத்தில் பாட்டுப் போட்டு அனுப்பு என்று வீட்டார் சொல்லிவிட்டனர். உம்மாவின் குரலுக்குப் பின் எந்தப் பாட்டு? காக்கா இரண்டு நாள் யோசித்தாராம். உம்மா பேச்சின் முடிவில் அழுதிருக்கிறார். அழுகையை அடுத்துத் துயரப் பாட்டு வைத்தால் அண்ணன் அங்கே தாங்கமாட்டார். மகிழ்ச்சிப் பாட்டு வைத்தால் அது உம்மாவை மதியாததாகும். இறுதியில் ஒரு நிமிட நேரம் எதுவும் பதியாமல் வெற்று நாடாவை ஓடவிட்டு, அதன்பின் சொல்லில்லாத ஷெனாய் இசை ஒன்றைச் சிறிது சேர்த்து, பிறகே பாட்டுக்குப் போனார். கல்லூரிக்குத் திரும்பி வந்து எம்மிடம் இதனை விளக்கியபோது, பலாகத் பாடத்தில் நாங்கள் படித்துக்கொண்டிருந்த ‘ஃபஸ்ல் – வஸ்ல்’ இலக்கணத்தை எடுத்துக்காட்டினார். எவ்விரு வாக்கியங்களை இணைப்பது, எவ்விரண்டைப் பிரித்து நிறுத்துவது என்பதே அந்த இலக்கணம். உஸ்தாது நடத்தியபோது விளங்காத அந்தப் பாடம் எமக்கு அன்று விளங்கிற்று.

இன்று நாடா இல்லை, எல்லையும் இல்லை. ஒரு பட்டியலில் ஆயிரம் பாட்டுச் சேர்க்கலாம். எல்லையின்மையால் பட்டியல்கள் கொழுத்துப்போயின என்பது உண்மை. நம் மாணவர் சிலரின் பட்டியல் குப்பைக்கூடை போல் இருக்கக் காண்கிறோம். ஆயினும் இதனைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. பட்டியலை இயந்திரமே செய்து தருகிறது. ‘ஸ்பாட்டிஃபை’ என்னும் இசைச் சேவை 2015 முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒவ்வொருவர்க்கும் முப்பது பாட்டுகள் கொண்ட தனிப் பட்டியலை அளித்துவரலாயிற்று. 2019இல் அச்சேவை இந்தியாவுக்கும் வந்தது. அறியாத நல்ல பாட்டுகளை அது அறிமுகப்படுத்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எமக்கே அப்படிச் சில கிடைத்துள்ளன.

ஆனால் அந்த இயந்திரம் எதைக் கொண்டு தெரிகிறது என்பதை ஆராய்ந்தால் ஓர் உண்மை வெளிப்படும். மனிதர் தம் கையால் செய்துவைத்த கோடிக்கணக்கான பட்டியல்களில் எந்தப் பாட்டு எந்தப் பாட்டோடு சேர்ந்து வருகிறது என்னும் கணக்கு அதன் முக்கிய அடிப்படைகளுள் ஒன்று. எவரோ ஒருவர் இரவில் விழித்திருந்து இதற்கு அருகே இது பொருந்தும் என்று வைத்தாரே, அந்த வைப்பே அதற்குக் கிடைக்கும் இரை. எல்லோரும் கேட்பதோடு நின்று, அடுக்குவதை விட்டொழித்தால், நாளை அது பழைய அடுக்குகளையே அரைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மற்றொன்று: ஒரு மனிதனின் தேர்வு அவன் அறிவின் தூதன் என்பது அரபு மூத்தோர் கருத்து. இயந்திரப் பட்டியல் எவருடைய தூதன்? தவறாகத் தெரிந்தாய் என்று அதனோடு வாதிட இயலாது. அபுல் ஃபரஜ், மூன்று பாட்டுகளைப் பற்றிய அறிவிப்பை மறுத்து வாதிட்டதுபோல் வாதிடுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

இதனால்தான் எம் வகுப்பில் சில ஆண்டுகளாக ஒரு பயிற்சி தந்துவருகிறோம். பன்னிரண்டு பாட்டுக்கு மிகாமல் ஒரு பட்டியல் எழுதவேண்டும். பாட்டு எம்மொழியிலும் இருக்கலாம். நஷீது, கஸீதா, திரைப்பாட்டு எதுவாயினும் தடையில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் அருகே, அது சிறந்தது என்று எழுதாமல், முந்தியதற்குப் பின் அது ஏன் வந்தது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதவேண்டும். முதல் ஆண்டில் பலர் தாளைப் பாதி வெறுமையாகவே தந்தனர். காரணம் கேட்டால், பிடித்திருக்கிறது என்பர். பிடித்தல் தெரிதலின் தொடக்கம் மட்டுமே. இப்போது நிலை மாறிவருகிறது. பயணத்துக்கு ஒன்று, தேர்வு முடிந்த இரவுக்கு ஒன்று, மறைந்த நன்னாவுக்கு ஒன்று என்று எழுதுகிறார்கள், வரிகள் நீள்கின்றன. மழைக்கெனப் பட்டியல் செய்த மாணவி ஒருத்தி, மழையைச் சொல்லும் பாட்டு ஒன்றைக்கூட அதில் வைக்கவில்லை. மழை பெய்யும்போது சன்னலே அதைச் சொல்லிவிடும் என்பது அவள் எழுதிய காரணம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவனின் தாளில் ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இருந்தது, மூன்றாவதாகவும் பதினொன்றாவதாகவும். கவனக்குறைவு என்றெண்ணி அழைத்துக் கேட்டோம். ‘இல்லை உஸ்தாத், நடுவில் ஏழு பாட்டுக் கேட்ட பிறகு அது வேறு பாட்டாக இருக்கிறது’ என்றான். மதிப்பெண் இடாமல் அத்தாளை வாங்கி வைத்துக்கொண்டோம். அன்று இரவு இஷாவுக்குப் பின் முதற்பாட்டிலிருந்து பதினொன்றாவது வரை, அவன் அடுக்கிய வரிசையிலேயே கேட்டோம்.